முந்தின இரவில் எடுத்த முடிவு



42 கிலோமீட்டரும் 195 மீட்டரும் கொண்ட தூரத்தை ஓடிக் கடப்பதற்கு மாரத்தான் என்று பெயர் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அதற்கு மேற்பட்ட தூரம் எதுவாயினும் அதனை அல்ட்ரா மாரத்தான் என்கின்றனர். 50 கிலோமீட்டர், 100 கிலோமீட்டர், 100 மைல் என்று அது நீண்டுகொண்டே போகிறது. கேட்ட மாத்திரத்தில், 'பேருந்து ஓடுகிற தூரத்தை மனிதன் ஏன் ஓட வேண்டும்?' என்றுதான் நம்மில் பலருக்குத் தோன்றும். ஆயினும், பஜ்ர் தொழுத கையோடு காலணியை மாட்டிக்கொண்டு ஓடப் புறப்படும் பிள்ளைகள் இப்போது நம் வீடுகளிலும் இருக்கின்றனர். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, அதன் பிறகு 21 என்று ஏறிக்கொண்டே போய், ஒருநாள் வந்து நின்று, "உம்மா, அடுத்த மாதம் 50 கிலோமீட்டர் ஓடப் பெயர் கொடுத்துவிட்டேன்" என்பார்கள். "அதற்கென்று பயிற்சி ஏதும் எடுத்தாயா?" என்று கேட்டால், "போகப் போகப் பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதில் வரும்.

அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது? 'போகாதே' என்று தடுப்பதா, 'போய் வா' என்று அனுப்புவதா? இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், தென்னாப்பிரிக்காவில் 1922ஆம் ஆண்டு நடந்த ஒரு நிகழ்ச்சியே முதலில் நினைவுக்கு வருகிறது. நெடுந்தூர ஓட்டக்காரர்கள் கூடும் இடங்களிலெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லப்படும் கதை அது. கதை என்றாலும் நடந்த கதைதான்.

தென்னாப்பிரிக்காவின் கடற்கரை நகரான டர்பனுக்கும், மேட்டு நிலத்தில் அமைந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே ஏறத்தாழ 54 மைல் தூரம். இவ்விரு ஊர்களின் பெயரும் நமக்குப் புதியனவல்ல. 1860 முதல் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர்கள் இறங்கிய துறை டர்பன். அந்நகரின் முஸ்லிம் வணிகர் தாதா அப்துல்லாவின் வழக்குக்காக வந்த இளம் வழக்கறிஞர் காந்தி, 1893ஆம் ஆண்டு ஜூன் மாதக் குளிரில் ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட நிலையம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்.

இந்த இரண்டு நகரங்களுக்கும் இடையே ஓர் ஓட்டப் பந்தயம் வேண்டும் என்று கேட்டவர் விக் கிளாஃபம் என்னும் ரயில் என்ஜின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்கக் களத்தில் சிப்பாயாக ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்தவர் அவர். அந்த நடையில் மாண்டுபோன தோழர்களுக்கு நினைவுச் சின்னமாகக் கல்லை நடுவதைவிட, உயிரோடிருப்பவர்கள் உடம்பை வருத்தி ஓடுவதே தகும் என்பது அவர் எண்ணம். போர்வீரர் சங்கத்தாரிடம் 1918இல் கேட்டார், மறுத்தனர். 1919இலும் 1920இலும் கேட்டார், மறுத்தனர். 1921இல்தான் சம்மதம் கிடைத்தது. செலவுக்கு ஒரு பவுன் கொடுத்தார்களாம், அதுவும் கடனாக! அவ்வாண்டு மே 24ஆம் நாள் 34 பேர் ஓடத் தொடங்கினர். 16 பேர் ஓடி முடித்தனர். தோழர்களின் நினைவாகத் தோன்றிய அப்பந்தயத்திற்கு 'காம்ரேட்ஸ் மாரத்தான்' என்பதே பெயராயிற்று. உலகில் இன்று பெருந்திரளாக மக்கள் கலந்துகொள்ளும் அல்ட்ரா மாரத்தான்களில் அதுவே முதன்மையானது.

1922ஆம் ஆண்டு திசை மாறியது. கடற்கரையிலிருந்து மேட்டை நோக்கி, டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கு ஓட வேண்டும். அந்தப் பந்தயத்திற்கு முந்தின இரவு, டர்பனில் பில் பெய்ன் என்பவர் வீட்டில் ஒரு விருந்தாளி தங்கியிருந்தார். வீட்டுக்காரர் பள்ளி ஆசிரியர்; ரக்பி ஆட்டக்காரர். முப்பதை எட்டாத வயது, கட்டுமஸ்தான உடம்பு. விருந்தாளி ஆர்தர் நியூட்டன் என்னும் விவசாயி, மெலிந்தவர், நான்கு நாள் முன்புதான் 39 வயது நிறைந்தவர். மறுநாள் ஓடவிருந்தவர் விருந்தாளிதான். ஆனால் உணவு மேசையில் பேச்சு வளர, குடியும் சேர்ந்துகொள்ள, "நீரும் வந்து ஓடினால் என்ன?" என்று நியூட்டன் கேட்க, "ஓடினால் போயிற்று" என்று பெய்ன் ஒப்புக்கொண்டுவிட்டார். நெடுந்தூரம் ஓடிய பழக்கம் அவருக்கு இல்லை. ஓடுவதற்கேற்ற காலணிகூட இல்லை. விடிந்ததும், ரக்பி விளையாடும்போது அணியும் கனத்த பூட்ஸையே மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்.

வழியில் அவர் செய்தவற்றைக் கேட்டால் இது பந்தயமா, விருந்துலாவா என்றே ஐயம் எழும். ஹில்கிரெஸ்ட் என்ற ஊரில் நின்று முட்டையும் பன்றி இறைச்சியுமாக ஆங்கிலேயர் வழக்கப்படி காலைச் சிற்றுண்டி உண்டார். வேட் என்ற மற்றொரு ஓட்டக்காரரும் சேர்ந்துகொள்ள, இருவரும் கோழிக் கறியைப் பகிர்ந்து உண்டனர். பாதி வழியான டிரம்மண்டில் ஒரு விடுதிக்குள் நுழைந்து பீர் குடித்தனர். வேட் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அவர் ஓட்டம் அத்துடன் சரி. பெய்ன் எழுந்து மேலும் ஓடினார். வழியில் ஒரு பெண்மணி கொடுத்த பழச்சாராயத்தையும் அவர் விடவில்லை. இத்தனையும் ஆன பின், 10 மணி 56 நிமிடத்தில் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை அடைந்து எட்டாம் இடத்தைப் பிடித்தார்! மறுநாள் ரக்பி ஆட்டத்திற்கும் போனார் என்றும், கால் முழுவதும் கொப்புளமாகிப் பூட்ஸ் ஏறாததால் துணிக் காலணியோடு ஆடினார் என்றும் சொல்லப்படுகிறது. 1924இல் தென்னாப்பிரிக்காவின் தேசிய அணியிலேயே அவர் இடம் பெற்றார்.

கேட்பதற்கு இனிய கதை. நம் பிள்ளைகள் இதைக் கேட்டால், 'பார்த்தீர்களா வாப்பா, பயிற்சியே இல்லாமல் 87 கிலோமீட்டர் ஓடியிருக்கிறார்' என்று நம்மை மடக்குவார்கள். மடங்கிப்போகாமல் இரண்டு கேள்விகளை அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

முதற்கேள்வி: அன்று அந்தப் பந்தயத்தில் புறப்பட்டவர்கள் எத்தனை பேர்? 89 பேர். முடித்தவர்கள்? 26 பேர். அப்படியானால் வழியில் விழுந்தவர்களும் விலகியவர்களும் 63 பேர். அந்த 63 பேரின் கதையை நூறாண்டாக எவரும் சிரித்துச் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. அவர்களுள் எத்தனை பேர் முந்தின இரவு முடிவெடுத்தவர்களோ! வென்றவனின் துணிச்சலைக் கதையாக்கும் உலகம், அதே துணிச்சலோடு போய்ச் சாலையோரத்தில் அமர்ந்தவனை மறந்துவிடுகிறது. பெய்னைக் காட்டி நம்மை மடக்குகிறவர் வேட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டுமல்லவா?

இரண்டாம் கேள்வி: அந்த விருந்தாளி என்ன ஆனார்? முதலாவதாக வந்தவர் அவர்தான். 8 மணி 40 நிமிடத்தில் ஓடி முடித்தார் நியூட்டன். அதற்கு முன் அவர் பேர் பெற்ற ஓட்டக்காரர் அல்லர். அரசு தம் நிலத்தின் விஷயத்தில் தமக்கு அநீதி இழைத்துவிட்டது என்று கருதி, நாட்டின் கவனத்தை அதன்பால் திருப்ப ஒரு வழி தேடினார். ஓடி வென்றவனின் பேச்சைச் செய்தித்தாள்கள் கேட்கும் என்பது அவர் கணக்கு. 1922 ஜனவரியில்தான் அவர் பயிற்சியைத் தொடங்கினார். ஏறத்தாழ ஐந்து மாதங்கள், மெதுவாக, ஆனால் நாள் தவறாமல், தூரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனார். வேகமாக ஓடிப் பழகுவதைவிட, வேகத்தைக் குறைத்து நெடுநேரம் ஓடிப் பழகுவதே இத்தகைய ஓட்டத்திற்கு உரிய பயிற்சி என்பது அவர் கண்டுகொண்ட உண்மை. இன்றைய பயிற்சியாளர்கள் சொல்வதும் பெரும்பாலும் அதுவே. 1922 முதல் 1925 வரை நான்கு முறையும், 1927இல் ஒரு முறையும் அப்பந்தயத்தில் அவரே வென்றார். டிரம்மண்டுக்கு அருகே சாலையோர மண்மேட்டில் இருக்கை போலக் குடைந்த ஓரிடம் உண்டு. நியூட்டன் அமர்ந்து இளைப்பாறிய இடம் என்று அதனைச் சொல்வர். இன்றும் ஓடுகிறவர்கள் அதைக் கடக்கும்போது ஒரு பூவை வைத்து, "காலை வணக்கம், ஆர்தர்" என்று கூறிச் செல்கின்றனர். வழக்கங்கள் எப்படியெல்லாம் தோன்றுகின்றன, பாருங்கள்.

ஒரே மேசையில் உண்டவர்கள் இருவர். ஒருவர் ஐந்து மாதம் பழகியவர். மற்றவர் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்தவர். இருவருக்கும் இடையே 2 மணி 16 நிமிடம் என்று மட்டும் கணக்கிட்டால் பெய்ன்தான் கெட்டிக்காரர் என்று தோன்றும். என் கருத்து வேறு. பெய்ன் பயிற்சியற்றவர் என்று சொல்வதே முழு உண்மையன்று. ரக்பி ஆட்டத்தில் உரமேறிய தொடைகளும், நுரையீரலும், அடிபட்டும் எழுந்து ஓடும் பழக்கமும் அவரிடம் முன்பே இருந்தன. இந்த ஓட்டத்திற்கென்று தனிப் பயிற்சி இல்லையே தவிர, உடம்பு வெறுமனே கிடக்கவில்லை. மேசை முன் அமர்ந்து கணினியோடு பத்து மணி நேரம் கழிக்கும் இக்காலத்து இளைஞர், 'பெய்னும் நானும் ஒன்று' என்று நினைத்துவிடக் கூடாது.

மற்றொன்றும் உண்டு. அவர் கோமாளித்தனமாகச் செய்தவை என்று நாம் சிரிப்பவற்றுள், மதுவை நீக்கிவிட்டால், எஞ்சியவை பெரும்பாலும் சரியானவையே! மெதுவாகப் போனார். நின்று நின்று போனார். பசிக்கு முன்பே உண்டார். யாரை முந்த வேண்டும் என்ற ஆசையும் அவருக்கு இல்லை. முதன்முறையாக அல்ட்ரா ஓடுகிறவர் செய்யத் தக்கது இதைவிட வேறில்லை.

ஏன் என்பதைச் சற்று விளக்கமாகவே பார்ப்போம். நம் தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்துச் சேமிப்பு உண்டு. நன்கு உண்டு தேறிய ஒருவரிடம் அது ஏறத்தாழ 400 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதாவது 2,000 கலோரிக்குச் சற்று முன்பின். ஓடும்போதோ, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும், ஏறத்தாழ 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 87 கிலோமீட்டர் ஓடினால் 5,000 கலோரிக்கு மேல் வேண்டும். எஞ்சியதைக் கொழுப்பிலிருந்து உடல் எடுத்துக்கொள்ளும். ஆனால் மெதுவாகத்தான் எடுத்துத் தரும். வேகமாக ஓடினால் மாவுச்சத்து விரைவில் தீர்ந்துவிடும். தீர்ந்த அந்நேரத்தில் கால்கள் மரக்கட்டையாகும், கண் இருளும், அழுகை வரும், காரணமில்லாமல் பக்கத்தில் வருகிறவர்மீது சினம் பொங்கும். நோன்பு நாளில் அஸருக்குப் பின் வரும் சோர்வை அறிந்த நமக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. அதைப் பல மடங்காக்கி, அந்நிலையில் ஒரு மலையேற்றத்தையும் எதிரே வைத்துப் பாருங்கள்.

காம்ரேட்ஸ் பந்தயத்தில் அந்த மலையேற்றத்தின் பெயர் பாலி ஷார்ட்ஸ். டர்பனிலிருந்து மேலேறும் ஆண்டுகளில் ஐந்து பெரிய குன்றுகளைக் கடக்க வேண்டும். அவற்றுள் கடைசி இதுதான். ஏறத்தாழ 80 கிலோமீட்டர் ஓடிய பிறகு வரும் ஏற்றம். காலையில் சந்தித்தால் பேசிக்கொண்டே ஏறிவிடலாம். 80 கிலோமீட்டருக்குப் பிறகு சந்தித்தால், தேர்ந்த ஓட்டக்காரர்களும் அதில் நடந்துதான் ஏறுகின்றனர். இறங்கும் ஆண்டுகளில் எளிதோ என்றால் அதுவும் இல்லை. இறக்கத்தில் ஒவ்வோர் அடியிலும் உடலின் பாரத்தைத் தொடைத் தசை நீண்டபடியே தாங்குகிறது. தசைநார்கள் நுண்ணியதாகக் கிழிவது இதனால்தான். இரண்டு நாளைக்குப் படியிறங்க முடியாமல் பின்பக்கமாகத் திரும்பி இறங்குகிறவர்களை நெடுந்தூரப் பந்தயம் நடந்த ஊர்களிலெல்லாம் காணலாம்.

எனவே, 'போக வேண்டும்' என்று பிள்ளை உறுதியாக நின்றால், முதலில் பந்தயத்தைத் தேர்ந்துகொள்வதில் அறிவைச் செலுத்தச் சொல்லுங்கள். முதல் முயற்சிக்கு 87 வேண்டாம், 50 போதும். மலைப்பாதை வேண்டாம், சமதளம் போதும். ஒரே வட்டத்தைப் பலமுறை சுற்றும் பந்தயமாயின் மிக நன்று. பார்க்கச் சலிப்பாக இருக்கும். ஆனால் விலக நேர்ந்தால் வீட்டார் பக்கத்திலேயே இருப்பார்கள். முடிக்க வழங்கும் நேரம் தாராளமாக உள்ளதா என்பதையும் பார்க்க வேண்டும். காம்ரேட்ஸ் பந்தயமோ இன்று எவரையும் முந்தின இரவு முடிவெடுத்து வர விடுவதில்லை. அங்கீகாரம் பெற்ற ஒரு மாரத்தானை 4 மணி 50 நிமிடத்துக்குள் ஓடியிருக்க வேண்டும் என்பது அண்மை ஆண்டுகளின் விதி. பெய்ன் இன்று வந்தால் வாசலிலேயே திருப்பியனுப்பிவிடுவார்கள்.

ஓட்டத்தன்று செய்ய வேண்டியவற்றுள் தலையாயது, தொடக்கத்திலேயே நடப்பது. களைத்த பிறகு நடப்பதை எல்லாரும் செய்வர். அது நடையன்று, தோல்வி. களைக்கும் முன்பே, முதல் மணி நேரத்திலிருந்தே, இத்தனை நிமிடம் ஓட்டம், இத்தனை நிமிடம் நடை என்று வகுத்துக்கொள்வதே அறிவு. காம்ரேட்ஸில் இதற்கு அழகானதோர் ஏற்பாடு உண்டு. அனுபவமிக்க ஒருவர் முன்னால் கொடி பிடித்து ஓட, நூற்றுக்கணக்கானோர் அவர் பின்னால் ஒரே கூட்டமாகப் போவார்கள். அந்தக் கூட்டத்துக்குப் 'பேருந்து' என்று பெயர். தலைவருக்கு 'ஓட்டுநர்' என்று பெயர். அவர் நட என்றால் அத்தனை பேரும் நடப்பர், ஓடு என்றால் ஓடுவர், பாட்டும் பாடிக்கொள்வர். 12 மணி நேர வரம்புக்குள் தம் பயணிகளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்த ஓட்டுநரின் கௌரவம். தனியாக ஓடினால் பாதியில் அமர்ந்திருக்கக் கூடியவர் பலர் இந்தப் பேருந்தில் ஏறித்தான் ஊர் சேர்கின்றனர்.

இந்தப் பந்தயத்தில் யாரெல்லாம் ஓடலாம் என்பதும் ஒரு வரலாறு. 1923இல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண்மணி பெயர் கொடுத்தார், ஏற்க மறுத்தனர். மறுத்தால் என்ன என்று அவர் ஓடிவிட்டார். 11 மணி 35 நிமிடத்தில் முடித்தார். பதக்கம் தர விதி இல்லை என்பதால், பார்வையாளர்களே பணம் திரட்டி வெள்ளித் தேநீர்ப் பாத்திரங்களைப் பரிசாக அளித்தனர். 1935இல் ராபர்ட் ம்ட்சாலி என்ற கறுப்பின இளைஞர் அதேபோல் பெயர்ப் பட்டியலில் இல்லாமலேயே 9 மணி 30 நிமிடத்தில் ஓடி முடித்தார். பெண்களுக்கும், கறுப்பினத்தாருக்கும், டர்பனில் தலைமுறைகளாக வாழும் நம் இந்திய வம்சாவளியினருக்கும் கதவு திறக்க 1975 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பயிற்சி இருந்தும் தொடக்கக் கோட்டில் நிற்க இடம் கிடைக்காத அவர்களை எண்ணும்போது, முந்தின இரவு நினைத்தவுடன் இடம் கிடைத்த பெய்னின் கதை சற்றே வேறு விதமாகத் தெரிகிறது.

இனி, அஞ்ச வேண்டிய செய்திகளுக்கு வருவோம். நம் வீட்டுத் தாய்மார்கள் பிள்ளையை வழியனுப்பும்போது, "தண்ணீரை நிறையக் குடி" என்று சொல்லி அனுப்புவார்கள். அன்பினால் சொல்வதுதான். ஆனால் நெடுந்தூர ஓட்டத்தில் அளவு மீறிய தண்ணீரே ஆளைச் சாய்த்துவிடும். இதனை மருத்துவ உலகம் தெளிவாக உணர்ந்துகொண்டதற்கும் காம்ரேட்ஸ் பந்தயமே காரணம். 1981இல் அப்பந்தயத்தில் ஓடிய ஒரு பெண்மணி நினைவிழந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நீர் வற்றியதால் அல்ல. நீர் மிகுந்து, இரத்தத்தில் உப்பின் அளவு மிகத் தாழ்ந்துபோனதால்! அவரையும் அவர் போன்ற வேறு சிலரையும் ஆராய்ந்த தென்னாப்பிரிக்க மருத்துவர் டிம் நோக்ஸ், 1985இல் அதனைக் கட்டுரையாக வெளியிட்டார். ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் கட்டாயமாகக் குடிக்க வேண்டும் என்று நினைத்து, பல மணி நேரம் மெதுவாக ஓடுகிறவர்களே இந்த ஆபத்துக்குப் பெரிதும் ஆளாகின்றனர். பயிற்சி குறைந்தவர் மெதுவாகத்தான் ஓடுவார். எனவே அவருக்கே இந்த எச்சரிக்கை. தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும். தாகம் தீர்ந்தால் நிறுத்த வேண்டும். விரல்கள் வீங்கி, தலை கனத்து, வாந்தியும் குழப்பமும் தோன்றினால் மேலும் தண்ணீர் கொடுக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும்.

வலி மாத்திரை இரண்டாவது ஆபத்து. 'எதற்கும் இருக்கட்டும்' என்று சட்டைப் பையில் ஐபுப்ரோஃபென் மாத்திரையை வைத்துக்கொண்டு ஓடுகிறவர் பலர். 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அம்மாத்திரையை உண்டவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கும், வெற்று மாத்திரை உண்டவர்களில் மூன்றில் ஒருவருக்கும் சிறுநீரகத்தில் தற்காலிகப் பாதிப்பு காணப்பட்டது. மாத்திரையே இல்லாமலும் மூன்றில் ஒருவருக்கு என்பதை எண்ணிப் பாருங்கள். சிதைந்த தசைகளின் கழிவு முழுவதும் சிறுநீரகத்தின் வழியே வெளியேற வேண்டும். அது திணறிக்கொண்டிருக்கும் வேளையில் மாத்திரையையும் சுமத்துவது தகாது. வலி பொறுக்க முடியவில்லை என்றால் நின்றுவிடுவதே மருந்து.

மூன்றாவது, வானிலை. 2021ஆம் ஆண்டு மே 22ஆம் நாள் சீனாவின் கான்சு மாநிலத்தில் 100 கிலோமீட்டர் மலையோட்டம் ஒன்று நடந்தது. 172 பேர் புறப்பட்டனர். மேடான பகுதியில் திடீரென்று கடுங்காற்றும் ஆலங்கட்டியும் உறைபனி மழையும் தாக்கின. குளிர் காற்றைத் தடுக்கும் மேலங்கியைக் கொண்டுவர வேண்டும் என்பது அங்கு கட்டாயமாக இல்லை. மெல்லிய சட்டையும் அரைக்கால் உடையுமாகப் பலர் சென்றிருந்தனர். 21 பேர் குளிரில் மாண்டனர். பயிற்சி அற்றவர்கள் அல்லர் அவர்கள்; அந்நாட்டின் தலைசிறந்த ஓட்டக்காரர்களுள் ஒருவரான லியாங் ஜிங்கும் மாண்டவர்களுள் ஒருவர். அன்று ஆடு மேய்க்க வந்து குகையொன்றில் ஒதுங்கியிருந்த ஜு கமிங் என்ற இடையர், தள்ளாடி வந்தவர்களை உள்ளே சேர்த்து, தீ மூட்டிப் போர்வை கொடுத்து, 6 பேரைப் பிழைக்க வைத்தார். ஆகவே, பயிற்சி பற்றிக் கேட்கும் அதே மூச்சில், 'பையில் என்ன வைத்திருக்கிறாய்? வழியில் மருத்துவ வாகனம் நிற்குமா? இடையில் விலகினால் அழைத்து வர யார் இருக்கிறார்கள்?' என்றும் பிள்ளையைக் கேளுங்கள். கேட்கக் கூச வேண்டாம். பந்தயத்தை நடத்துகிறவர்களையே தொலைபேசியில் அழைத்துக் கேட்டாலும் தவறில்லை. பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள் என்றால், அந்தப் பந்தயம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை தங்களுக்கு உண்டு.

இவையன்றி, சிறுசிறு செய்திகள் சிலவும் உண்டு. புதுக் காலணியை அன்று அணியக் கூடாது. பழகிய காலணியே நல்லது. அன்றுவரை உண்டறியாத எதையும் அன்று உண்ணக் கூடாது. பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் உப்பிட்ட உருளைக்கிழங்கும் எந்த விலையுயர்ந்த பொட்டலத்துக்கும் குறைந்தவையல்ல. தோல் உரசும் இடங்களில் வாசலின் தடவிக்கொள்ள வேண்டும். தடவாதவர் அன்றிரவு குளிக்கும்போது அதன் அருமையை அறிவார்.

வீட்டார் போய்ப் பார்க்க விரும்பினால் தாராளமாகப் போகலாம். ஆனால் 30ஆம் கிலோமீட்டரில் நின்றுகொண்டு, "இதோ வந்துவிட்டது, கொஞ்ச தூரம்தான்" என்று கூவாதீர்கள். இன்னும் 20 இருக்கிறது என்பது ஓடுகிறவருக்குத் தெரியும். பேசாமல் ஒரு வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தாலே போதும். முகத்தைப் பாருங்கள். பேசும் பேச்சு தெளிவாக இருக்கிறதா என்று கவனியுங்கள். பெயரையும் ஊரையும் கேட்டுத் தடுமாறினால், நெஞ்சு வலி என்று சொன்னால், நேராக நடக்க முடியாமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தால், அழுதாலும் அடம்பிடித்தாலும் நிறுத்திவிடுங்கள். வெறுமனே கால் வலி என்றால், பத்து நிமிடம் உட்கார வைத்து ஏதேனும் உண்ணக் கொடுத்து, பிறகு அவரையே முடிவெடுக்க விடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் எழுந்துவிட்டவர்கள் பலர்.

முடித்து வந்த இரவில் பசி இருக்காது. இருந்தாலும் சிறிது கஞ்சியோ சோறும் ரசமுமோ கட்டாயம் உள்ளே போக வேண்டும். சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்துப் போனாலோ, மறுநாள் காலை வரை சிறுநீரே கழியாமல் இருந்தாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். தசைச் சிதைவு சிறுநீரகத்தைத் தாக்கியதன் அடையாளம் அது. மற்றபடி, இரண்டு மூன்று நாளைக்குக் கட்டிலிலிருந்து எழும்போதெல்லாம் முனகல் கேட்கும். அதைப் பொருட்படுத்த வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஓட விடாதீர்கள், நடக்கட்டும். கால் பெருவிரல் நகம் கறுத்திருப்பதைக் கண்டு அஞ்சவும் வேண்டாம். நாளடைவில் அது தானே கழன்று விழக்கூடும். புதிய நகம் முழுதாக வளரப் பல மாதங்கள் ஆகும்.